காசும் மரியாதையும்

புத்தளம் நகருக்கு அணித்தேயுள்ள சிறாம்பியடிக் கிராமத்தில் ஆபிரிக்க மரபினரான சிறு சமூகம் ஒன்று வாழ்ந்து வருகின்றது. அவர்களுடைய ‘மஞ்சா’ இசையை விழா மேடைகளில் நாம் கேட்டு மகிழ்கின்றோம். அந்த இசை எவ்வழியாக இக்கரையை வந்தடைந்தது என்பதை மட்டும் நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கிழக்கு ஆபிரிக்கக் கரைகளிலிருந்து மனிதரை அடிமைகளாகக் கொண்டுவந்தனர். பிரித்தானியரோ தம் படைக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் மனிதரை விலை கொடுத்து வாங்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டபோது, அதிற் பணியாற்றியோரிற் பலர் புத்தளப் பகுதியிற் குடியேறினர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 ஆம் ஆண்டில்.

சந்தையில் ஒரு காலத்தில் சரக்காக நிறுத்தப்பட்ட மனிதனின் வழித்தோன்றல், பின்னொரு நாள் அதே சந்தைக்குக் கையிற் காசுடன் வாங்குபவனாக வருகின்றான். இம்மாற்றம் எளிதில் நிகழ்ந்ததன்று. விலைக்கு விற்கப்பட்டவர் விலை கொடுத்து வாங்கும் உரிமையைப் பெற்ற பின்னரும், மற்றவரைப் போல் மரியாதையுடன் வாங்கும் உரிமையைப் பெறுவதற்கு இன்னொரு நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. அப்போராட்டம் மிக விரிவாக நடந்த களம் அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். அதை முன்னின்று நடத்தியவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். ஆண் தலைவர்களின் மேடைப் பேச்சுக்களை வரலாறு பதிவு செய்த அளவிற்கு, சந்தைக்குப் போன அப்பெண்களின் கதையைப் பதிவு செய்யவில்லை. அக்கதையை நம் ஆசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதுகின்றோம். ஏனெனில், நமது கடலோரக் கடைத்தெருக்களுக்கும் அதற்கும் நெருங்கிய உறவுண்டு.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865 ஆம் ஆண்டின் இறுதியில் அரசியலமைப்பு வாயிலாக ஒழிக்கப்பட்டது. ஆனால், தென்மாநிலங்களில் நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அங்கு ஒரு கறுப்பினப் பெண் துணிக்கடைக்குச் சென்றால் அவள் நீட்டும் டொலர் நாணயத்தை வெள்ளை முதலாளி தயங்காது பெற்றுக்கொள்வான். ஆனால், பல கடைகளில் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கவோ, சப்பாத்தைக் காலிலிட்டுப் பார்க்கவோ, உடையை அணிந்து அளவு பார்க்கவோ அவளுக்கு இடமில்லை. பிள்ளையின் பாதத்தைக் காகிதத்திற் கோடிட்டு எடுத்துச் சென்று, அந்த அளவைக் காட்டிச் சப்பாத்து வாங்கிய தாய்மார் பலர். மேலே துணி வாங்கலாம். கீழே அதே கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து ஒரு கோப்பை காப்பி குடிக்க இயலாது. வெள்ளைப் பெண்ணைத் ‘திருமதி’ என்று விளிக்கும் அதே வாய், அறுபது வயதுக் கறுப்பினத் தாயை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

தமிழ் பேசும் நமக்கு இந்தக் கடைசி அவமதிப்பை விளக்கத் தேவையில்லை. ‘நீ’ என்பதற்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை, சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அளந்திருக்கின்றார்கள். நமது மொழியில் வினைச்சொல்லின் ஈறே ஒருவரை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது. ‘வா’ என்றழைக்கப்பட்டவரும் ‘வாருங்கள்’ என்றழைக்கப்பட்டவரும் ஒரே விலையைத்தான் கொடுத்தார்கள். ஆனால், ஒரே பொருளைப் பெற்றார்கள் என்று எவ்வாறு கூறமுடியும்?

கொடுக்கும் காசுக்கு ஒரு நியாயம் உண்டு என்ற எண்ணம், அடிமைமுறை நிலவிய காலத்திலேயே கறுப்பினப் பெண்களிடம் தோன்றிவிட்டது. 1831 இல் பிலடெல்பியா நகரில் அவர்கள் ஒரு சங்கத்தை அமைத்தனர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனியையும் பருத்தியையும் வாங்குவதில்லை; சுதந்திர உழைப்பில் விளைந்த பொருள்களை விற்கும் கடைகளையே ஆதரிப்பது என்பது அச்சங்கத்தின் கொள்கை. சுதந்திர உழைப்பின் பொருள்கள் விலை கூடியவையாகவும் கிடைப்பதற்கு அரியவையாகவும் இருந்தன. அவ்வியக்கம் அடிமைமுறையை அசைத்துவிடவில்லை. ஆனால், தேநீர்க் கோப்பையிற் கரையும் சீனிக்குள் யாரோ ஒருவரின் இரத்தம் கலந்திருக்கின்றது என்ற உணர்வை அது ஊட்டியது.

1905 ஆம் ஆண்டில் வேர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் மாகி லீனா வாக்கர் என்ற பெண்மணி இன்னொரு முயற்சியை மேற்கொண்டார். சலவைத் தொழிலாளியான ஒரு தாயின் மகளாகிய அவர், இரண்டாண்டுகளுக்கு முன்னர் சிறு சேமிப்பாளருக்கென ஒரு வங்கியைத் தொடங்கியிருந்தார். இப்போது அவருடைய சங்கம் ஒரு பெரிய பலசரக்கு அங்காடியைத் திறந்தது. கறுப்பினப் பெண்கள் மதிப்புடன் பொருள் வாங்கவும், மதிப்புடன் விற்பனையாளராக வேலை செய்யவும் ஓரிடம் வேண்டும் என்பதே நோக்கம். வெள்ளை வியாபாரிகள் ஒன்றுதிரண்டு அதனை எதிர்த்தனர். சில ஆண்டுகளில் அங்காடி மூடப்பட்டது. வங்கியோ நிலைத்து நின்றது. நல்லெண்ணம் மட்டும் கடையைத் தாங்கிப் பிடிக்காது. வாங்குவோரின் ஒழுங்கான அமைப்பும் வேண்டும் என்பது ரிச்மண்ட் தந்த பாடமாகும்.

அந்த அமைப்பு டெட்ராயிட் நகரில் உருவாயிற்று. 1929 இன் பொருளாதார வீழ்ச்சி தொழிலாளரைத் தெருவில் நிறுத்தியது. வேலைக்கு எடுக்கும்போது கடைசியாகவும், வேலையை விட்டு நீக்கும்போது முதலாவதாகவும் நின்றவர்கள் கறுப்பினத்தவரே. 1930 யூன் 10 ஆம் நாள், போதகர் ஒருவரின் துணைவியாரான பேனி பெக் அம்மையார் 50 பெண்களைக் கூட்டி இல்லத்தரசியர் கழகத்தை அமைத்தார். அவர்களது கணக்கு மிக எளியது. கணவன் சம்பாதித்தாலும், வீட்டுக்கு வேண்டிய அரிசி, மா, துணி, மருந்து யாவற்றையும் எந்தக் கடையில் வாங்குவது என்று தீர்மானிப்பவள் பெண். ஆயிரம் பெண்கள் தனித்தனியே எடுக்கும் அத்தீர்மானத்தை ஒன்றுசேர்ந்து எடுத்தால் என்ன?

உறுப்பினராவதற்குக் கட்டணம் எதுவும் தேவைப்படவில்லை. ஓர் உறுதிமொழி போதுமானதாக இருந்தது. கறுப்பினத்தவரின் கடைகளையும், கறுப்பின இளைஞருக்கு வேலை கொடுக்கும் கடைகளையும் ஆதரிப்பேன் என்பதே அது. பெண்கள் தெருத் தெருவாகக் குழுக்களை அமைத்தனர். எந்தக் கடையில் என்ன கிடைக்கின்றது, யார் வேலை செய்கின்றார்கள் என்றெல்லாம் விசாரித்து அயலாருக்கு அறிவித்தனர். தம்மவர் கடை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவுமில்லை. கடை துப்புரவாக இருக்கவேண்டும். பொருள் தரமாக இருக்கவேண்டும். விலை நியாயமாகவும் பேச்சுப் பண்பாகவும் இருக்கவேண்டும் என்று அவர்கள் தம்மினத்து வியாபாரிகளையும் கேட்டனர். ஐந்தாண்டுகளுக்குள் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 10,000 ஆயிற்று. வேறு நகரங்களிலும் இத்தகைய கழகங்கள் எழுந்தன.

இதே ஆண்டுகளிற்றான், வேலை தராத கடையில் வாங்காதே என்னும் முழக்கம் சிகாகோவிலும் நியூயோர்க்கிலும் வாஷிங்டனிலும் ஒலித்தது. வாஷிங்டனில் மளிகைக்கடை நிறுவனமொன்றின் முன் மறியல் செய்வதற்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. இனப் பாகுபாட்டுக்கு எதிராக அமைதியாக மறியல் செய்யும் உரிமையை 1938 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தெருவிற் பெண்கள் பிடித்த அட்டைகளுக்குச் சட்டத்தின் காப்பு கிடைத்தது.

வெற்றிகளை மட்டும் எடுத்துரைத்துக் குறைகளை மறைப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. 1934 இல் ஹார்லெம் பகுதியின் 125 ஆம் வீதியிலிருந்த புளூம்ஸ்ரீன் அங்காடியின் முன் பல வாரங்கள் மறியல் நடந்தது. கறுப்பினப் பெண்களை விற்பனையாளராகச் சேர்க்க முதலாளி இணங்கினார். ஆனால், வேலை பெற்றவர்கள் வெளிறிய நிறமுடைய பெண்கள். வெயிலிலும் மழையிலும் மறியல் செய்தவர்களிற் பலர் கரிய நிறத்தினர். இயக்கம் பிளவுண்டது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருக்கின்றது. மேற்படியில் நிற்பவர் முதலில் உள்ளே நுழைந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடும். அத்துடன், கடைக்காரரிற் பலர் யூதர் என்பதைப் பிடித்துக்கொண்டு, சிலர் அப்போராட்டத்தை யூத வெறுப்பின் பக்கம் இழுக்கவும் முயன்றனர். அதற்கு முந்திய ஆண்டு, 1933 ஏப்பிரல் 1 ஆம் நாள், ஜேர்மனியில் நாஜிகள் யூதரின் கடைவாசல்களில் ஆட்களை நிறுத்தி வாங்குவோரைத் தடுத்திருந்தனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரே ஆயுதம், நேர்மாறான இரு கைகள்! இதனை நாம் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

அவமதிக்கும் கடையைத் தண்டிப்பது ஒருபுறமிருக்க, மதிக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பதே அன்று பெரும் வேலையாயிருந்தது. அஞ்சல் ஊழியராகப் பணியாற்றிய விக்டர் ஹியூகோ கிறீன் 1936 இல் வெளியிடத் தொடங்கிய வழிகாட்டி நூல், கறுப்பினப் பயணிகளை ஏற்றுக்கொள்ளும் விடுதிகள், உணவகங்கள், எரிபொருள் நிலையங்கள், சிகையலங்கார நிலையங்கள் ஆகியவற்றைப் பட்டியலிட்டது. அப்பட்டியல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டது என்பதே அந்நாட்டின் மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையாகும்.

மொண்ட்கொமரி நகரப் பேருந்துப் பகிஷ்கரிப்பை அறியாதவர் இலர். ஆனால், அதன் வேர்கள் எங்கே இருந்தன? 1946 இல் மேரி பெயர் பேர்க்ஸ் என்ற ஆங்கிலப் பேராசிரியை பெண்கள் அரசியல் மன்றத்தை அங்கு நிறுவினார். அவரைத் தொடர்ந்து ஜோ ஆன் றொபின்சன் என்ற ஆசிரியை அதன் தலைமையை ஏற்றார். பேருந்துகளின் பயணிகளில் முக்காற் பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களுள்ளும் வெள்ளையர் வீடுகளிற் சமையலும் சலவையும் செய்யச் செல்லும் பெண்களே மிகுதி. முன்வாசலில் ஏறிக் காசைச் செலுத்திவிட்டு, இறங்கிச் சென்று பின்வாசலால் ஏறவேண்டும் என்று சாரதிகள் அவர்களைப் பணித்தனர். காசு முன்வாசலால் நுழையலாம். காசைக் கொடுத்தவள் நுழையலாகாது!

1954 மே மாதத்திலேயே பகிஷ்கரிப்பு வரக்கூடும் என்று றொபின்சன் நகர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். 1955 டிசம்பர் 1 ஆம் நாள் ரோசா பாக்ஸ் கைது செய்யப்பட்டார். அன்றிரவே றொபின்சன், தாம் கற்பித்த கல்லூரியின் உருளச்சு இயந்திரத்தில், தம் மாணவர் இருவரின் துணையுடன், விடியும்வரை பல்லாயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டார். ஓர் ஆசிரியையும் இரு மாணவரும் செய்த அந்த இரவு வேலை, ஒரு நாட்டின் வரலாற்றைத் திருப்பிவிட்டது. டிசம்பர் 5 ஆம் நாள் தொடங்கிய பகிஷ்கரிப்பு 381 நாட்கள் நீடித்தது. ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணி வேலையை இழந்தார். தம் தோழியருடன் உணவு வகைகளைச் சமைத்து விற்று, போராட்டத்தின் போக்குவரத்துச் செலவுக்கு வாரந்தோறும் பணம் சேர்த்துக் கொடுத்தார்.

பின்னர் 1960 இல் நாஷ்வில் நகர மாணவர்கள் சிற்றுண்டி மேசைகளில் அமர்ந்து போராடினர். ஈஸ்டர் பண்டிகைக்கெனப் புத்தாடை வாங்கும் காலத்தில் கறுப்பினக் குடும்பங்கள் நகர்மையக் கடைகளைப் புறக்கணித்தன. பண்டிகைக்குப் பழைய உடையை உடுப்பது சிறிய தியாகமாகத் தோன்றலாம். பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுக்காத தாயின் மனதை அறிந்தவர் அவ்வாறு கூறார். டயான் நாஷ் என்ற மாணவி நகர முதல்வரை நேருக்கு நேர் வினவினார். மே 10 ஆம் நாள் சிற்றுண்டி மேசைகள் திறக்கப்பட்டன. 1964 இல் பொது இடங்களிற் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில், நீதிமன்றத்தில் தம்மை ‘செல்வி’ என்று அழைத்தாலன்றிப் பதிலளிக்க மறுத்துத் தண்டனை பெற்ற மேரி ஹமில்ரன் என்ற பெண்ணுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரியாதை விளி ஒன்றுக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தது.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். பகிஷ்கரிப்பு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததை நாம் அறிவோம். ஆனால், கடைகளைக் குறித்த பகிஷ்கரிப்பு இங்கே பெரும்பாலும் வேறொரு முகத்துடன் தோன்றியது. 1915 இல் முஸ்லிம் மக்களின் கடைகள் எரிக்கப்பட்டுச் சூறையாடப்படுவதற்கு முன்னர், கரையோரச் சோனக வியாபாரிகளுக்கு எதிரான பிரசாரம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அந்நோய் நீங்கவில்லை. 2019 ஏப்பிரலில் ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த கொடிய குண்டுத் தாக்குதல்களைத் தொடர்ந்து, குற்றமற்ற முஸ்லிம் மக்கள் யாவரும் பழி சுமந்தனர். மே மாதத்தில், முகநூற் குறிப்பொன்றைக் காரணங்காட்டிச் சிலாபத்தில் முஸ்லிம் கடைகள் தாக்கப்பட்டன. மறுநாள் வன்செயல் பரவியபோது, இதே புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். தங்கொட்டுவ வாரச்சந்தையில் முஸ்லிம் வியாபாரிகள் கடை விரிக்கலாகாது என்று பிரதேச சபைத் தலைவர் தடை விதிக்க முற்பட்டார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அபாயா அணிந்த பெண்கள் நாட்டின் பல இடங்களில் அலுவலக வாசல்களிலும் கடை வாசல்களிலும் தடுக்கப்பட்டனர்.

டெட்ராயிட் பெண்கள் செய்ததும் பகிஷ்கரிப்பு. தங்கொட்டுவவில் செய்ய முயன்றதும் பகிஷ்கரிப்பு. இரண்டும் ஒன்றா? மாணவர்கள் இவ்வினாவைத் தம்முள் எழுப்பித் தெளிதல் வேண்டும். முதலாவது, கடைக்காரனின் நடத்தையை எதிர்த்தது. இரண்டாவது, அவனுடைய பிறப்பை எதிர்த்தது. நடத்தையை மாற்றிக்கொள்ளலாம்; மாற்றிய மறுநாளே வாங்குவோர் திரும்பி வருவர். பிறப்பை எவ்வாறு மாற்றுவது? முதலாவது, மூடிய கதவைத் திறக்கக் கேட்டது. இரண்டாவது, திறந்திருந்த கதவை மூடியது. முதலாவது, அதிகாரமற்றவர் அதிகாரமுள்ளோர் முன் நீட்டிய கை; இரண்டாவது, பெரும்பான்மையின் பலத்தையும் ஆட்சியின் முத்திரையையும் கொண்டு சிறுபான்மையின் வயிற்றிலடித்த கை. ஹார்லெமில் யூத வெறுப்பைக் கலக்க முயன்றவர்கள் இந்த எல்லைக்கோட்டைத்தான் அழிக்க முயன்றனர்.

இப்படிக் கூறிவிட்டு நம் இல்லத்துக் குப்பையை மறைத்துவிட முடியாது. வடபுலத்துத் தேநீர்க் கடைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வேறு குவளையும் வேறு இடமும் இருந்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர் அதற்கெதிராகக் குரலெழுப்பினர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆயினும், சட்டம் புத்தகத்திற் கிடந்தது. குவளைகள் தனித்தனியே தொங்கின. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட எழுச்சி ஊர்வலமும், அதன்பின் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நடந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. அங்கும் கேட்கப்பட்டது இலவசத் தேநீரன்று. காசு கொடுத்துக் குடிக்கும் தேநீரை மற்றவர் குடிக்கும் குவளையில் தா என்பதே கோரிக்கை.

வாங்கும் சக்தியை ஒடுக்கப்பட்டோரின் முழு விடுதலைக்கான திறவுகோல் என்று நாம் மயங்கலாகாது. கையிற் காசில்லாதவள் எதைப் பகிஷ்கரிப்பாள்? கல்பிட்டியிலிருந்து உடப்புவரை, கருவாடு காயவைக்கும் பெண்ணும், உப்பளத்திற் கூலிக்கு உழைக்கும் பெண்ணும், 1990 இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடிசை போட்ட முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணும் பெரும்பாலும் கடன் கொப்பியை நம்பியே கடைக்குப் போகின்றனர். கடன் கொப்பி இருக்கும்வரை கடையை மாற்றும் சுதந்திரம் இல்லை. சுடுசொல்லையும் பொறுத்துக்கொள்ளவே வேண்டும். அமெரிக்காவிலும் இவ்வுண்மையை உணர்ந்தவர் இருந்தனர். பின்னாளிற் குடியுரிமை இயக்கத்தின் பெரும் அமைப்பாளராக விளங்கிய எல்லா பேக்கர், 1930 களின் தொடக்கத்தில் இளம் கறுப்பினத்தவரின் கூட்டுறவுக் கழகத்துக்காக உழைத்தார். தம்மினத்து முதலாளி ஒருவரைக் கொழுக்க வைப்பதோடு நின்றுவிடாது, வாங்குவோரே கடையின் உடைமையாளராதல் வேண்டும் என்பது அக்கழகத்தின் கருத்து.

நமக்கு அது அந்நியமான கருத்தன்று. 1942 முதல் யுத்தப் பஞ்சத்தின்போது பங்கீட்டுப் பொருள்களை விநியோகிக்க இந்நாடெங்கும் ஆயிரக்கணக்கில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. சங்கக்கடையின் வரிசையில் நின்றவர்கள் அட்டையின் இலக்கப்படி அழைக்கப்பட்டனர். அவ்வரிசையிலும் குறைகள் இருந்தன, ஊழலும் இருந்தது. ஆனால், அங்கே நின்ற ஏழைப் பெண் பிச்சைக்காரியாக நிற்கவில்லை, உரிமையாளராக நின்றாள். 1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் கடைகளைப் பெருக்கியது. சங்கக்கடைகளை நலிவடையச் செய்தது. இன்று குளிரூட்டிய அங்காடியின் வாசலில் வணக்கம் சொல்கின்றார்கள். அவ்வணக்கம் பணத்துக்கா, மனிதனுக்கா என்பதை, பழைய சேலையுடன் உள்ளே நுழையும் மீனவப் பெண்ணின் பின்னால் நடந்துவரும் காவலாளியின் பார்வை சொல்லிவிடும்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் நாம் கூறுவது இதுதான். டெட்ராயிட் பெண்களின் உறுதிமொழி, மொண்ட்கொமரிப் பெண்களின் துண்டுப்பிரசுரம் ஆகியவற்றுக்குப் பெருந்தொகைப் பணமோ பெருந்தலைவரோ தேவைப்படவில்லை. நமது ஊர்க் கடைத்தெருவில் யார் எவ்வாறு விளிக்கப்படுகின்றார்கள், யாருக்கு வேலை கொடுக்கப்படுகின்றது, யாருக்கு நிறுவையில் நியாயம் கிடைக்கின்றது என்று கண்டறிவது எந்தப் பாடசாலை மன்றமும் செய்யக்கூடிய வேலை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சிறாம்பியடியின் ஆபிரிக்க வழித்தோன்றல்களும் ஒரே வீதியில் சாமான் வாங்கும் இக்கரையில், மதிப்போடு நடத்தும் கடையை இனம் பாராது ஆதரிப்போம். மனிதரை இழிவுபடுத்தும் கடையை, அது நம்மவர் கடையே ஆயினும், கைவிடுவோம். சிலாபத்தில் உடைக்கப்பட்ட கடையொன்று மீண்டும் திறக்கப்படும் நாளில் அங்கு முதலிற் சென்று ஒரு கொத்து அரிசி வாங்குவதும் ஒரு போராட்டமே. அப்போராட்டத்தை நடத்த நம் தாய்மாருக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தக் கடையில் நிறுவை சரி, எந்தக் கடையில் நாக்கு சரியில்லை என்பதை அவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். தனித்தனியே அறிந்ததை ஒன்றுகூடிச் சொல்லும் அமைப்பொன்றைக் கட்டியெழுப்புவதே எஞ்சியிருக்கும் வேலையாகும்.